அன்னபூர்ணம்மா சாக வேண்டிய வாரம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறிகள் ஓடும் அந்தத் தெருவில், எட்டு மணி சீரியலில் அடுத்து என்ன நடக்கும் என்பது மனோரமாவுக்கு ஏழு மாதம் முன்பே தெரிந்துவிடும். ஜோசியம் ஒன்றும் இல்லை. அந்தக் கதையை முதலில் தமிழில் எடுத்தார்கள். நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, வேறு முகங்களையும் கொஞ்சம் அதிகமாக நகைகளையும் போட்டுத் தெலுங்கில் எடுத்தார்கள். தமிழ் ஏழரை மணிக்கு ஒரு சேனலில், தெலுங்கு எட்டு மணிக்கு இன்னொன்றில். தமிழ்க் கதை ஏழு மாதம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் பாதிப் பேர் தமிழை மட்டும் பார்த்தார்கள், மீதிப் பேர் தெலுங்கை மட்டும். இரண்டையும் நாள் தவறாமல் பார்த்தவள் அந்தத் தெருவில் மனோரமா ஒருத்திதான்.

தெரிந்ததை அவள் அள்ளி இறைக்க மாட்டாள். தண்ணீர் லாரி வரும்போது குடங்களுக்கு நடுவில் நின்று, "மோதிரம் வெள்ளிக்கிழம கெடைக்கும். யார் கையில கெடைக்கும்னு மட்டும் கேக்காதீங்க" என்பாள். அன்று முழுக்கத் தெரு அந்த மோதிரத்தோடு அலையும். சீரியல் பார்ப்பதே கேவலம் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற மளிகைக்கடை கோவர்த்தனன், அவளுக்கு உளுந்து எடை போடும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, "அந்தச் சின்ன மருமவ திரும்பி வந்துடுவாளா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கை உளுந்தைக் கூடுதலாகப் போடுவார்.

அடுத்த வீட்டு சுலோசனாதான் அதிகம் தவிப்பவள். தெலுங்குக் குடும்பம். ஆனால் இந்தத் தெருவில் முப்பது வருடம் இருந்ததில் அவளுடைய தெலுங்குக்குள் தமிழ் புகுந்து, எது எங்கே முடிகிறது என்று அவளுக்கே தெரியாமல் போயிருந்தது. மனோரமாவை அண்ணி முறை வைத்து வதினா என்றுதான் கூப்பிடுவாள்.

"செப்பு வதினா. மாமியார் அன்னபூர்ணம்மாவுக்கு நெஞ்சு வலியா, நடிப்பா? அது ஒண்ணு மட்டும் சொல்லு. நான் காத்தாலருந்து உப்மா துன்னாம உக்காந்துக்கினு கீறேன்."

"நெஞ்சு வலிதான்."

"அய்யோ பாபம். பொழைப்பாளா?"

"போய் உப்மா துன்னு."

மனோரமாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பாகாலாவில் பிறந்தவள். பத்தாம் வகுப்புவரை தமிழ் மீடியம் படித்தாள். இருபது வயதில் கேசவனைக் கட்டிக்கொண்டு நகரிக்கு வந்தாள். வீட்டின் பின்பாதியில் நான்கு தறிகள். மகன் தரணி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை துணி மூட்டையோடு வருவான். தறிகள் ஓடினால் டி.வி. சத்தம் கேட்காது என்பதால், கேசவன் ஏழரையிலிருந்து எட்டரை வரை தறியை நிறுத்திவிடுவார். கேட்டால் மோட்டாருக்கு ஓய்வு என்பார். அந்த ஒரு மணி நேரமும் டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நூல் பிரித்தபடியே ஒரு வசனம் விடாமல் கேட்பார்.

இந்த வீட்டைத் தேடித்தான், தை மாதம் பவ்யா வந்தாள்.

பவ்யா சித்தூர்ப் பெண். நார்வே நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கதையை இரண்டு மொழிகளில் எடுத்தால், இரண்டையும் பார்க்கிறவர்களுக்கு மனசுக்குள் என்ன ஆகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஏழு நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்வதில் ஆந்திர எல்லை அவள் பங்கு. நகரியில் பன்னிரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

"அப்போ நீயும் டெய்லி ரெண்டும் பாக்கணுமே பாப்பா. கண்ணு கெட்டுப்போவுமே" என்றாள் மனோரமா.

"நான் சீரியல் பார்க்கிறதில்ல ஆன்ட்டி. பார்க்கிறவங்களைத்தான் பார்க்கிறேன்."

கேசவன் நூலிலிருந்து தலையைத் தூக்கினார். "இதுக்கு நார்வேல படிப்பு கீதா? இங்க எங்க தெருவுல அல்லாரும் அதுதான் பண்றாங்க."

பவ்யா ஒரு மஞ்சள் அட்டை டைரியைக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். தேதி, தெலுங்கு சீரியலில் அன்று என்ன நடந்தது, கூட யார் உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கும்போது கை என்ன வேலை செய்துகொண்டிருந்தது, என்ன தோன்றியது. தமிழிலேயே எழுதலாம். ஐந்து வாரம், பிப்ரவரி பதினெட்டு வரைக்கும்.

முதல் நாலு கட்டங்களை மனோரமா ரேஷன் கார்டு மாதிரி நிரப்பினாள். கடைசிக் கட்டம் வேறு. என்ன தோன்றியது என்று அவளை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, மேலே வளைந்து, தேதியைச் சுற்றிக்கொண்டு எழுதினாள். தெலுங்கு வீட்டு மாடிப்படி பெரிதாக இருப்பதால் மருமகள் விழும்போது பாவமாக இல்லை, விழுந்து முடிக்கவே நேரமாகிறது என்று எழுதினாள். தமிழில் கோபம் வந்தால் டம்ளரை வைப்பார்கள், தெலுங்கில் பூ ஜாடியை உடைப்பார்கள், துடைக்கிறது யார் என்று எழுதினாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி சத்தியவேட்டில் நாத்தனார் பையனுக்குக் கல்யாணம். கல்யாணம், மறுவீடு, அப்புறம் நாத்தனாருக்கு ஒத்தாசை என்று போனால் பத்து நாளாவது ஆகும். கல்யாண வீட்டில் எட்டு மணிக்கு டி.வி. போட யார் விடுவார்கள்? டைரியிலோ இன்னும் ஒன்பது பக்கம் வெறுமையாக இருந்தது. காலிப் பக்கத்தோடு ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுப்பது மனோரமாவுக்கு ஆகாத காரியம். பள்ளிக்கூடத்தில்கூட லீவுக்கு முன்பே வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவாள்.

அதனால் ஒன்பதாம் தேதி மத்தியானம் உட்கார்ந்து, வரப்போகும் ஒன்பது நாளையும் எழுதி முடித்தாள்.

அவளுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. கதை தெரிந்ததுதானே. தமிழில் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து கண் மூடும்வரை ஆறு நாள். அதையே இங்கேயும் எண்ணி, அன்னபூர்ணம்மா பதினாறாம் தேதி திங்கட்கிழமை சாவதாக முடிவு செய்தாள். பதினேழு காரியம், பதினெட்டு சொத்துச் சண்டை.

பதினாறாம் தேதிப் பக்கத்துக்கு வந்தபோது மட்டும் பேனா நின்றது.

போன ஆடியில் அவளுடைய ஒரே அக்கா துர்காதேவி பாகாலாவில் இறந்துபோனாள். மனோரமா போய் இறங்கியதுமே அடுக்களைக்குள் இழுத்துவிட்டார்கள். வந்த ஜனத்துக்குக் காபி, பந்திக்கு அரிசி, பால்காரன், ஷாமியானாக்காரன். அக்காவைப் போய் ஒரு முறை பார்த்தாள். கால் பக்கம் போர்வை விலகியிருந்தது. இழுத்து மூடலாம் என்று குனிவதற்குள், பாத்திரம் எங்கே என்று யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். அழுவதற்கு நேரம் அமையவில்லை. நகரிக்குத் திரும்பிய மூன்றாம் நாள் ஏழரை மணிக்குத் தமிழ் மாமியார் செத்தாள். அன்றைக்கு மனோரமா அழுத அழுகையில் கேசவன் நூலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்து, "இன்னாமே, நாடகத்துக்கா இப்படி?" என்று திகைத்து நின்றார். ஆமாம், நாடகத்துக்குத்தான் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அதைத்தான் அந்தப் பக்கத்தில் எழுதினாள். அக்கா பெயரை எழுதவில்லை. 'கால் பக்கம் போர்வை விலகி இருந்தது. யாராவது இழுத்து மூடினால் தேவலை என்று இருந்தது. டி.வி.க்குள் கையை விட முடியாது. அழுதேன். வீட்டுக்காரர் வந்து கேட்டார். நான் நிறுத்தவில்லை. கையில் வேலை ஒன்றும் இல்லை.' அவ்வளவும் தெலுங்கு சீரியலைப் பார்த்த மாதிரியே எழுதி, டைரியை டி.வி. மேல் வைத்துவிட்டு, கல்யாணம் முடிந்த கையோடு தறிக்குத் திரும்பிவிடும் கேசவனிடம், பவ்யா வந்தால் கொடுக்கச் சொல்லி, சத்தியவேடு பஸ் ஏறினாள்.

கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. சீரியல் ஞாபகமே வரவில்லை. இருபத்தோராம் தேதி, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பவ்யாவிடமிருந்து போன்.

"ஆன்ட்டி, உங்க டைரியை மொழிபெயர்த்து எங்க புரொஃபசருக்கு அனுப்பினேன். அந்தப் பதினாறாம் தேதிப் பக்கம். அவங்க அதைப் படிச்சிட்டு நாலு தரம் போன் பண்ணிட்டாங்க."

"தப்பா எழுதிட்டேனா பாப்பா?"

"தப்பா? வர்ற சனிக்கிழமை திருப்பதியில யுனிவர்சிட்டில சர்வதேசக் கருத்தரங்கு. ஏழு நாட்டுலருந்தும் வர்றாங்க. நீங்க மேடையில உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படிக்கணும். உங்க பேர் போட்டு அட்டை அடிச்சாச்சு."

மனோரமா போனை வைத்துவிட்டு நாத்தனாரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். ஐம்பத்திரண்டு வயதில் பந்தல் பிரித்த இடத்தில் இரண்டு பெண்கள் தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்து, சமையல்காரர் அண்டாவைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

மறுநாள் ஞாயிறு, நகரி வந்து இறங்கினாள். சுலோசனா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பத்து நாளா எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே வதினா. அன்னபூர்ணம்மாவுக்கு எப்போ நல்லாவும்?"

மனோரமாவின் கையிலிருந்த கல்யாணப் பை நழுவி, முறுக்கு உருண்டது. "இன்னும் சாவலையா?"

"இன்னா வாய் உனக்கு? ஐசியூல கீறாங்க. ஆறு நாளா மெஷின் வச்சிக் கீறாங்க."

வீட்டுக்குள் போய் விவரத்தைச் சொன்னதும் கேசவன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சாதாரணமாகச் சிரித்தார். பிறகு நூல் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "உசிரோட கீற பொம்பளைக்கிக் கருமாதி பண்ணி நார்வேக்கு அனுப்பிச்சிட்டியேமே."

"சிரிக்காதய்யா. அத மேடையில படிக்கச் சொல்றாங்க. அந்தப் பொண்ணு படிப்பு கீது அதுல."

"இப்போ இன்னா பண்ணலாங்கற?"

மனோரமா விரல் விட்டு எண்ணினாள். சனிக்கிழமை கருத்தரங்கு. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஐந்து எபிசோடு இருந்தது. தேதி கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துக்கொள்ளலாம். ஆள் போய்ச் சேர வேண்டும், அதுதான் முக்கியம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள செத்துட்டாப் போதும்" என்றாள்.

அந்த வாரம் மனோரமா எட்டு மணிக்கு உட்கார்ந்ததைப் போல அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. திங்கட்கிழமை அன்னபூர்ணம்மாவின் கை விரல் அசைந்தது. பக்கத்து வீட்டிலிருந்து சுலோசனாவின் கைத்தட்டல் சுவரைத் தாண்டி வந்தது. மனோரமா தலையில் கை வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை மெஷினில் கோடு நேராக ஓடியது. மனோரமா நிமிர்ந்தாள். அடுத்த வீட்டில் ஒப்பாரி. விளம்பரம் முடிந்து பார்த்தால் யாரோ கால் தடுக்கி வயரைப் பிடுங்கியிருக்கிறார்கள், கோடு மறுபடியும் துள்ளியது.

"அந்த வயரை எவன் திரும்பச் சொருவினான்?" என்று மனோரமா கேட்டபோது, கேசவன் திரும்பியே பார்க்காமல், "டாக்டர்மே. அதுதான் அவன் வேல" என்றார்.

புதன்கிழமை காலை சுலோசனா தயாராக வந்து நின்றாள். மஞ்சள் புடவை, பையில் தேங்காய், பூ.

"திருச்சானூர் போறேன். அம்மாவாரிகிட்ட வேண்டிக்கினா ஆவாதது இல்ல. நீயும் வா வதினா."

மனோரமா போனாள். திருப்பதி பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஆட்டோவில் அடுத்திருந்த இரண்டு பெண்களும் அதே சீரியல்காரர்கள். அவர்களில் ஒருத்தி அன்னபூர்ணம்மாவுக்காக ஒருவேளை சாப்பாட்டை விட்டிருந்தாள். மூவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள, மனோரமா ஆட்டோ கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

வரிசை நகர்ந்தது. சந்நிதியில் நிற்கக் கிடைத்தது நாலு விநாடி. சுலோசனா உதட்டை அசைத்துச் சத்தமாகவே வேண்டினாள். மனோரமா அவளுக்குத் தோளோடு தோள் நின்று, கண்ணை மூடி, மனதுக்குள் சொன்னாள்: தாயே, அந்தப் பொம்பளை நல்லவதான், ஆனா அவ நெஜப் பொம்பளை இல்ல. வலியில்லாம எடுத்துக்கோ. வெள்ளிக்கிழமைக்குள்ள.

அப்படிச் சொல்லி முடித்ததும் கண்ணைத் திறந்துவிட்டாள். இதையே ஆடி மாதம் பாகாலாவில் யாராவது அக்காவுக்காக வேண்டியிருந்தால்? யோசித்து நிற்க இடமில்லை. பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள்.

வெளியே பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சுலோசனா கேட்டாள். "ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கினியே. நீயும் அதானே கேட்ட?"

"அவங்கள பத்தித்தான் கேட்டேன்."

"ரெண்டு பேரு கேட்டிருக்கோம். இனிமே ஆயி தீரும்."

வெள்ளிக்கிழமை எட்டு இருபத்தைந்துக்கு அன்னபூர்ணம்மா கண்ணைத் திறந்தாள்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சுலோசனா முன்கூட்டியே கேசரி கிண்டி வைத்திருந்தாள், வீடு வீடாகக் கொடுத்தாள். கோவர்த்தனன் கடையில் நின்றபடியே இரண்டு கிண்ணம் வாங்கிக்கொண்டார். மனோரமாவுக்கு மட்டும் முந்திரி பொறுக்கி வைத்த தனிக் கிண்ணம். "உன் வேண்டுதல் வதினா, உன்னுதுதான்" என்று சுலோசனா அவள் வாயிலேயே ஊட்டினாள். மனோரமா முழுங்க முடியாமல் முழுங்கினாள்.

அன்று ராத்திரியே பவ்யாவுக்குப் போன் போட்டாள். விமான நிலையத்தில் பிரேசில்காரர்களை வரவேற்கிறாளாம். "காலைல பேசலாம் ஆன்ட்டி, இங்க யுனிவர்சிட்டி கோகுலகிருஷ்ணன் சார் கார் அனுப்புறாரு." காலையில் மண்டப வாசலில் பிடித்தாள். பவ்யா ஒரு கையில் மைக் வயரும் இன்னொரு கையில் இட்லித் தட்டுமாக ஓடிக்கொண்டிருந்தாள். "அப்புறம் ஆன்ட்டி, அப்புறம்." காபி இடைவேளையில் மூன்றாம் முறையாக, "பாப்பா, அந்தப் பக்கத்துல ஒரு விஷயம்" என்று தொடங்கியபோது, பவ்யா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள்.

மண்டபத்தில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. துணைக்கு வந்த சுலோசனா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டாள். மேடையில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். மொழி புரியாவிட்டாலும் மனோரமாவுக்குப் படங்கள் புரிந்தன. திரையில் ஏழு நாட்டு மாமியார்கள் வந்துபோனார்கள். ஏழு பேரும் ஒரே மாதிரி முறைத்தார்கள். ஒருவர் வரைபடம் போட்டு, முகத்தை எத்தனை விநாடி காட்டினால் பார்க்கிறவர்களுக்குக் கண்ணீர் வரும் என்று விளக்கினார். பக்கத்தில் இருந்த மாணவி மெல்ல மொழிபெயர்த்ததைக் கேட்டு மனோரமா, "அது மூஞ்சில இல்லம்மா. பின்னாடி வாசல்ல யாராவது நின்னுக்கினு இருப்பாங்க, அவங்களப் பாத்துத்தான் வரும்" என்றாள். மாணவி அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

பிறகு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பவ்யாவின் பேராசிரியர் ஹெல்கா அறுபது வயதுப் பெண்மணி, ஆறடி உயரம். வழியெல்லாம் குனிந்தே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்தார். கழுத்தில் அட்டை: மனோரமா, பார்வையாளர், நகரி. திரையில் அவளுடைய கையெழுத்து ஆளுயரத்துக்கு வந்தது. தேதியைச் சுற்றி வளைந்து ஏறிய எழுத்துகள்கூட. பவ்யா பக்கத்தில் நின்று தலையசைத்தாள்.

மனோரமா படித்தாள். பவ்யா இங்கிலீஷில் சொன்னாள். போர்வை விலகியிருந்த இடம் வந்ததும் வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாம் வரிசையில் மட்டும் சுலோசனா, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விரலில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கைத்தட்டல் எழுந்தது. நிறுத்திக்கொள்ள நல்ல இடம். மனோரமா மைக்கை விடவில்லை.

"இன்னும் ஒண்ணு கீது. அவங்க சாவல. நேத்து கண்ணத் தொறந்துட்டாங்க."

பவ்யா மைக்கைக் கீழே இறக்கினாள்.

"சொல்லு பாப்பா. அப்படியே சொல்றன்னு சொன்னியே."

பவ்யா திரையில் இருந்த எழுத்துகள் பக்கம் திரும்பினாள். தன் மூன்று வருடப் படிப்பை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு, மைக்கைப் பிடித்து, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். ஹெல்காவின் பேனா நின்றது.

"கல்யாணத்துக்குப் போவணும்னு முன்கூட்டியே எழுதி வச்சிட்டேன். தமிழ்ல செத்துட்டாங்க, அதனால இங்கயும் சாவாங்கன்னு. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணியும் தெரியாது. அது சீரியலே பாக்கறதில்ல." பவ்யா அதையும் சொன்னாள். சொல்லும்போது அவள் காது சிவந்தது. மண்டபத்தின் பின்பாதியில் இருந்த மாணவிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "ஒரு வாரமா சரிபண்ணப் பாத்தேன். திருச்சானூருக்குப் போயி, வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்கள எடுத்துக்கோ தாயேன்னு வேண்டிக்கினேன். கேக்கல."

மூன்றாம் வரிசையில் சுலோசனா எழுந்து நின்றாள்.

"அதுக்கா என் பக்கத்துல நின்ன? நான் வாழ்வு கேட்டுக்கினு கீறேன், நீ சாவு கேட்டியா வதினா?"

அதற்கு மேல் கருத்தரங்கு யார் கையிலும் இல்லை. பின்வரிசை மாணவிகளில் பாதிப் பேர் அன்னபூர்ணம்மா செத்தால்தான் கதை நகரும் என்றார்கள், பாதிப் பேர் எழுந்து நின்று எதிர்த்தார்கள். காபி கொண்டுவந்த பெண் தட்டோடு நடுவில் நின்று, அந்த வயரைப் பிடுங்கியது சின்ன மருமகள்தான் என்றாள். பிரேசில்காரர் என்ன நடக்கிறது என்று நாலு பேரிடம் கேட்டார், நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள். தலைமை தாங்கியவர் மணியை அடித்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

ஹெல்கா மட்டும் அசையாமல் இருந்தார். சத்தம் தணிந்ததும் மனோரமா பக்கம் குனிந்து ஒன்று கேட்டார். பவ்யா தமிழில் சொன்னாள். "அப்போ இதுல எழுதின அழுகை பொய்யான்னு கேட்கிறாங்க."

"அழுவ நெஜம். தேதிதான் பொய். அது ஆடி மாசம் அழுதது." மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு, "யாருக்குன்னு கேக்க வேணாம்னு சொல்லு" என்றாள்.

ஹெல்கா கேட்கவில்லை. தன் நோட்டில் எதையோ எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

சாயங்காலம் மண்டப வாசலில் பவ்யா வந்தாள். அந்தப் பக்கம் அப்படியே ஆராய்ச்சிக்குள் போக முடியாதாம். மற்ற பதினொரு வீடுகளிலும் யார் யார் முன்கூட்டியே எழுதினார்கள் என்று மறுபடி போய்க் கேட்க வேண்டுமாம்.

"உன் படிப்பு கெட்டுப்போச்சா பாப்பா?"

"கெடல ஆன்ட்டி. ஆறு மாசம் நீண்டு போச்சு." பவ்யா அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தாள். "இன்னையிலருந்து தினம் ரெண்டு சீரியலும் நான் பார்க்கணும். புரொஃபசர் உத்தரவு. மருமக எத்தனை பேர் ஆன்ட்டி மொத்தம்?"

நகரி பஸ்ஸில் சுலோசனா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். புத்தூரில் மல்லிப்பூ விற்றார்கள், வாங்கினாள், மனோரமாவுக்குக் கொடுக்கவில்லை. புத்தூர் தாண்டி இருட்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஆடி மாசம்னா, பாகாலா அக்காதானே?"

மனோரமா தலையை ஆட்டினாள். இருட்டில் அது தெரிந்திருக்காது. ஆனாலும் சுலோசனா பூவைப் பாதியாகக் கிள்ளி அவள் மடியில் வைத்தாள்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே வதினா. வந்து உக்காந்திருப்பேனே."

"உப்மா யார் துன்றது அப்பால."

சுலோசனா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள்.

எட்டு மணிக்கு முன்சீட்டுப் பெண் போனில் சீரியலைப் போட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுலோசனா அந்தப் பெண்ணின் தோளில் தட்டி, போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். பிறகு பழக்கத்தில் இந்தப் பக்கம் திரும்பினாள். "செப்பு வதினா, இப்போ ஏமவுது?"

"எனக்கு இன்னா தெரியும்? தமிழ்ல இந்நேரம் அவங்களுக்கு மாலை போட்டு மாட்டிட்டாங்க."

அவள் அதைச் சொல்லிவிட்டு, சீட்டிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்சீட்டின் மேல் சாய்ந்தாள். கதை எந்தப் பக்கம் போகும் என்றே தெரியாமல் இந்த எட்டு மணியை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. டாக்டர் உள்ளே வந்ததும், "இப்போ இன்னா பண்ணுவான்?" என்று பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒரு பெண்ணைக் கேட்டாள். பெரிய மருமகள் கதவருகே நின்றதும், "இவளை உள்ள வுடாதீங்க" என்றாள். விளம்பரம் வந்தபோது, பஸ்ஸிலேயே அதிகம் நொந்துகொண்டவள் அவள்தான்.

நகரி வந்து, பஸ் நின்று, விளக்கும் எரிந்துவிட்டது. முன்பாதியில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் படிக்கட்டைத் தட்டி, நகரி, நகரி, திகண்டி என்று தெலுங்கில் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டுவிட்டு, மனோரமாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி அவரைத் தடுத்தாள்.

"ரெண்டு நிமிசம் இருப்பா. அவங்க இப்பத்தான் எழுந்து உக்கார்றாங்க."